தன்னார்வ அமைப்புகளின் எழுத்தில் தவிர்க்க வேண்டிய சொற்பிழைகள்

சென்னையில் இளைஞர் தன்னார்வ அமைப்பு ஒன்றின் அறிவிப்புகளையும் ஆண்டறிக்கைகளையும் சில ஆண்டுகளாகத் திருத்திக் கொடுத்து வருகிறேன். களத்தில் அக்கறையோடு உழைக்கும் பிள்ளைகள்கூட எழுத உட்கார்ந்தால் பழைய பதாகைகளில் பார்த்த சொற்களையே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். எழுத்துப்பிழையைத் திருத்துவது எளிது. பொருந்தாத சொல்லோ அவ்வளவு எளிதில் கண்ணில் படாது.

முதலில் நம்மை நாம் எப்படிக் குறிப்பிடுகிறோம் என்பது. ‘தொண்டர்’ நல்ல தமிழ்ச் சொல்தான் என்றாலும், தமிழ்நாட்டில் இன்று அது பெரும்பாலும் கட்சித் தொண்டரையே நினைவூட்டுகிறது. ‘எங்கள் தொண்டர்கள் வீடு வீடாக வருவார்கள்’ என்று துண்டறிக்கை அடித்தால், எந்தக் கட்சி என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே பாதி மாலை போய்விடும். ‘தன்னார்வலர்’ என்பதே பொருத்தமான சொல். 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் அச்சொல்லைத் தெருத் தெருவாகக் கொண்டு சேர்த்தது. ஆனால் அத்திட்டத்தில் தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை வழங்கப்பட்டதால், நம்மிடமும் பணம் கிடைக்கும் என்று எண்ணி வருவோர் உண்டு. பேருந்துக் கட்டணம் மட்டும் தருவதாக இருந்தால் ‘பயணச் செலவு தரப்படும், ஊதியம் இல்லை’ என்று வெளிப்படையாக எழுதிவிட வேண்டும். ‘சிறு சன்மானம் உண்டு’ என்று மழுப்புவது பின்னால் மனக்கசப்பில்தான் முடியும்.

நாம் யாரோடு பணி செய்கிறோமோ அவர்களைக் குறிப்பிடும் இடத்தில்தான் பெரும் தவறுகள் நேர்கின்றன. குடிசைப் பகுதி மக்களை அரசு மறுகுடியமர்த்திய கண்ணகி நகரில் சனிக்கிழமை வகுப்பு தொடங்கியபோது, ‘குடிசைவாழ் ஏழைக் குழந்தைகளுக்கு இலவசக் கல்வி’ என்று அச்சிட்ட ஃபிளெக்ஸ் பதாகையை வாசல் கம்பியில் கட்டினோம். ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் அதை வாய்விட்டுப் படித்து முடித்து, ‘நாங்க மூணாவது மாடியிலதானேக்கா இருக்கோம்?’ என்று கேட்டாள். அவள் பிறந்ததே அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில்தான். அந்த வாசகத்தைப் படித்துப் பார்த்து அச்சுக்கு அனுப்பியவள் நான் என்பதால் அந்தக் கேள்வியை இன்றுவரை மறக்க முடியவில்லை. 1970இல் உருவான குடிசை மாற்று வாரியமே 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிவிட்ட பிறகு, அந்த அடைமொழியை நாம் சுமந்துகொண்டு திரிவதற்குக் காரணமே இல்லை. மறுவாரமே பதாகையை மாற்றினோம்: ‘மாலை வகுப்பு. 6 முதல் 8ஆம் வகுப்பு வரை. கட்டணம் இல்லை.’ வகுப்புக்கு வருபவருக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான்; அவருடைய வறுமையை அவருக்கே அறிவிக்க வேண்டியதில்லை. அதேபோல, நொச்சிக்குப்பம் போன்ற ஊர்ப்பெயர்களில் உள்ள ‘குப்பம்’ கடலோர மீனவர் குடியிருப்பைக் குறிக்கும் பெயர். அதைச் சேரி என்று மாற்றி எழுதுவது அறியாமை.

மாற்றுத்திறனாளி, திருநங்கை, தூய்மைப் பணியாளர் ஆகிய சொற்கள் அரசாணைகளிலும் நாளிதழ்களிலும் நிலைபெற்றுவிட்டன; அவற்றைப் பற்றி இங்கே நீட்ட வேண்டாம். ஆனால் சரியான சொல்லைப் போட்டுவிட்டு, அடுத்த வரியிலேயே ‘சக்கர நாற்காலியில் முடங்கிக் கிடக்கும்’ என்று எழுதினால் பயன் இல்லை. அந்த நாற்காலியில்தான் அவர் வெளியே போய் வருகிறார். ‘சக்கர நாற்காலியைப் பயன்படுத்துகிறார்’ என்றால் போதும்.

அறிக்கைகளில் அடிக்கடி வரும் மற்றொரு சொல் ‘தத்தெடுத்தோம்’. ஒரு பள்ளியைத் தத்தெடுத்ததாக நாம் எழுதினால், அங்கே பல ஆண்டுகளாகப் பாடம் நடத்திவரும் ஆசிரியர்களும் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோரும் என்ன ஆனார்கள்? அப்பள்ளியோடு ‘இணைந்து பணியாற்றுகிறோம்’ என்பதே உண்மை. செய்தது இரண்டு சுவர்களுக்கு வண்ணம் அடித்தது என்றால், அதை மட்டும் எழுதலாம்.

‘இளைஞர்’ என்ற சொல்லிலும் கவனம் தேவை. இலக்கணப்படி அது இருபாலருக்கும் பொது. ஆனால் ‘இளைஞர்கள் தேவை’ என்ற அறிவிப்பைப் பார்த்துவிட்டு, பெண்களும் வரலாமா என்று தொலைபேசியில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ‘இளைஞர்களும் இளம்பெண்களும்’ என்று எழுதுவதால் இடம் ஒன்றும் அடைபட்டுவிடாது. வயதையும் எண்ணிலேயே குறிப்பிட வேண்டும். 2014ஆம் ஆண்டின் தேசிய இளைஞர் கொள்கை 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களை இளைஞர் என்கிறது. சட்டமோ 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்கிறது. ஆகவே 16 வயதில் நம்மிடம் சேரும் ஒருவர் இளைஞராகவும் குழந்தையாகவும் இருக்கிறார். அவரது விண்ணப்பத்தில் பெற்றோர் ஒப்புதலுக்குத் தனி இடம் இருக்க வேண்டும்.

படத்தின் கீழ் எழுதும் வரிகளில் ‘அநாதைச் சிறுவன்’, ‘படிக்கிறான்’ என்றெல்லாம் எழுதுவதை நிறுத்த வேண்டும். பத்து வயதுப் பிள்ளையையும் ‘மாணவர்’ என்றும் ‘படிக்கிறார்’ என்றும் குறிப்பிடலாம். குழந்தைகள் இல்லங்களில் வகுப்பு நடத்துபவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் ஊடகங்களில் வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவில் தடை செய்கிறது. முகத்தை மங்கலாக்கிவிட்டு, கீழே பள்ளியின் பெயரை எழுதி வைக்கும் வழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. அந்தப் பெயரையும் சேர்த்தே நீக்க வேண்டும்.