சித்தியின் போலிஷ்: நாற்பத்தொரு வயதில் நான் பேசக் கற்ற விதம்

என் அம்மா போலந்துக்காரர். வூச் என்கிற நெசவு நகரத்தில் பிறந்தவர். அப்பா கோயமுத்தூர். 1970களில் உதவித்தொகையில் நெசவுத் தொழில்நுட்பம் படிக்க அந்த ஊருக்குப் போனார். வெளிநாட்டு மாணவர்களுக்கென்று 1952-இல் தொடங்கிய மொழிப் பள்ளி அங்கே இருக்கிறது. முதல் வருஷம் முழுக்க அதில் போலிஷ் படித்துவிட்டுத்தான் அப்பா கல்லூரிக்குள் நுழைந்தார். ஆறு வருஷம் கழித்து அம்மாவோடு கோவைக்குத் திரும்பினார். இரண்டுமே மில் ஊர். வூச்சைப் போலந்தின் மான்செஸ்டர் என்பார்கள், கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்பார்கள்.

நாலு வயது வரை அம்மா என்னோடு போலிஷில்தான் பேசினாராம். போலிஷில் அம்மாவுக்கு 'மாமா' என்றுதான் சொல்ல வேண்டும். நான் தெருவில் அவரை அப்படிக் கூப்பிட, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விழித்திருக்கிறார்கள். பள்ளியில் சேர்த்ததும் அந்த மொழி வீட்டைவிட்டுப் போய்விட்டது. 2019-இல் அம்மா இறந்தபோது வூச்சிலிருந்து சித்தி போன் செய்தார். அம்மாவின் ஒரே தங்கை. பள்ளியில் ரஷ்ய மொழி கட்டாயமாக இருந்த தலைமுறை, ஆங்கிலம் தெரியாது. அவர் அந்தப் பக்கம் அழுதார், நான் இந்தப் பக்கம் அழுதேன். எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு வாக்கியம்கூட இல்லை.

நாலு வருஷம் அந்த போன் மனதைவிட்டுப் போகவில்லை. நாற்பத்தொரு வயதில் ஆரம்பித்தேன். இப்போது ஞாயிறுதோறும் சித்தியோடு ஒரு மணி நேரம் பேசுகிறேன். தப்பும் தவறுமாகத்தான், ஆனால் பேசுகிறேன். பாட்டியோ பெரியம்மாவோ மாமியாரோ போலந்தில் இருந்து, அவர்களோடு பேச வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போலிஷ் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருப்பது காதுக்கு ஒரு சாயல் கிடைக்கட்டும் என்றுதான். உங்கள் நோட்டில் முதல் நாளிலிருந்தே போலிஷ் எழுத்தில் எழுதிப் பழகுங்கள். மொத்தம் 32 எழுத்து. உச்சரிப்பு விதி ஒழுங்கானது, ஒரு வாரத்தில் வாசிக்க வந்துவிடும்.

ஓர் ஆளின் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள்

நான் வாங்கிய முதல் பாடப்புத்தகம் ஓட்டல் அறை பதிவு செய்யவும் விமான நிலையத்தில் வழி கேட்கவும் கற்றுக்கொடுத்தது. மூன்று மாதம் அதைப் படித்துவிட்டுச் சித்தியிடம் பேசினால், அவர் சொன்ன எதுவுமே புரியவில்லை. அவர் பேசுவது முழங்கால் வலி, டிராம், ஊறுகாய் வெள்ளரிக்காய், மூடிப்போன மில். அன்றைக்குத்தான் புத்தகத்தை ஓரம் வைத்தேன். நான் போலிஷ் கற்க வேண்டியதில்லை, சித்தியின் போலிஷைக் கற்றால் போதும்.

வாரம் ஒரு நிமிஷ வாட்ஸப் குரல்பதிவு ஒன்று அனுப்பச் சொன்னேன். முதல் தடவை அப்பாதான் எனக்காகக் கேட்டார். தலைப்பு என்னவாகவும் இருக்கலாம்: இன்றைக்கு என்ன சமைத்தீர்கள், யாரைப் பார்த்தீர்கள். அந்த ஒரு நிமிஷத்தை வாரம் முழுக்கக் கேட்பேன். திங்கட்கிழமை இரைச்சலாக இருப்பது வியாழக்கிழமை சொற்களாகப் பிரியும். புரியாததை அப்பாவிடம் கேட்டு எழுதிக்கொள்வேன். இப்படிச் சேர்ந்த முதல் இருநூறு சொற்களில் பல எந்தப் புத்தகத்திலும் வராதவை. டிராம் கடைசியாகத் திரும்பும் நிறுத்தத்துக்கு 'க்ராஞ்சூஃப்கா', மாதப் பயணச்சீட்டுக்கு 'மிகாஃப்கா', நீள ரொட்டிக்கு 'அங்கியெல்கா'. எல்லாம் வூச் ஊர்ப் பேச்சு. கோவைக்காரர் பேச்சை அந்த ஊர்ச் சொல் தெரியாமல் எப்படிப் பிடிக்க முடியும்? அதேதான் இதுவும்.

நேரத்தைக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். போலந்து நமக்குக் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்னால். ஞாயிறு மாலை ஐந்தரைக்கு நான் கூப்பிட்டால் கோடையில் அங்கே இரண்டு மணி. 'ரோசூவ்' என்கிற கோழி சூப் குடித்து முடித்து, சித்தி நிதானமாக இருக்கும் நேரம்.

பழைய ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள்

பேச ஆரம்பிக்க மூன்றே வாக்கியம் போதும். 'க்தோ தோ யெஸ்த்?' என்றால் இது யார். 'த்ஸோ தோ யெஸ்த்?' என்றால் இது என்ன. மூன்றாவது, 'யெஷ்ச்செ ராஸ், போவோலி': இன்னொரு தடவை, மெதுவாக. ஒரு பழைய போட்டோவை கேமராவில் காட்டி முதல் கேள்வியைக் கேளுங்கள். 'தோ யெஸ்த்' என்று ஆரம்பித்து, இது உன் அம்மா, இது எங்கள் பக்கத்து வீட்டுக்காரி என்று பதில் வரும்.

இந்த அமைப்பில் பெயர்ச்சொல் எழுவாய் வேற்றுமையிலேயே நிற்கும், உருபு எதுவும் மாறாது. அதனால் இலக்கணம் தெரியாதவரும் தப்பில்லாமல் மாதக்கணக்கில் பேசலாம். நான் முதல் நாலு மாதம் இதை மட்டுமே வைத்து ஓட்டினேன். அம்மா மில்லின் வாசலில் தோழிகளோடு நிற்கும் ஒரு படத்திலேயே மூன்று ஞாயிறு போனது.

தமிழ்க் காது

நம் ஆட்களுக்குச் சில ஒலிகள் பிறந்த வீட்டுச் சொத்து. 'இல்லை' என்பதற்கான போலிஷ் சொல்லை ஆங்கில வழிப் புத்தகங்கள் 'நியே' என்று எழுதும். அது சுத்தமான 'ஞெ'. ஞ நமக்கு இருக்கிறது, யோசிக்காமல் சொல்லுங்கள். குதிரை 'கோஞ்', வணக்கம் 'ஜெஞ் டோப்ரி'. 'பச்சை'யில் வரும் ச்ச அப்படியே அவர்களின் மெல்லின ச. சித்திக்கு 'சோச்சா', பாட்டிக்கு 'பாப்ச்சா'. புஷ்பத்தில் வரும் 'ஷ்' அவர்களின் வல்லின ஷ. அதே ஷ-வைத் தொண்டை அதிரச் சொல்லிப் பாருங்கள், தொண்டையில் விரல் வைத்தால் அதிர்வு தெரியும். தமிழில் இல்லாத அவர்களின் ஓர் ஒலி அப்படிக் கிடைத்துவிடும்.

தடுமாற்றம் வேறு இடத்தில். க, ப, த எழுத்துகளுக்கு நாம் வன்மை மென்மை பிரித்து எழுதுவதில்லை. போலிஷில் அதைப் பிரிக்காவிட்டால் பொருளே மாறும். பஸ்ஸில் வரும் ப-வோடு 'பூவ்கா' என்றால் பன் ரொட்டி. பல்லில் வரும் ப-வோடு அதையே சொன்னால் அலமாரித் தட்டு. கல்லில் வரும் க-வோடு 'கூரா' என்றால் கோழி, கேஸ் அடுப்பின் க-வோடு மலை. இந்த மாதிரி ஜோடிகளைச் சேர்த்து வைத்துச் சித்தியிடம் சொல்லிக் காட்டுவேன். அவர் எது கேட்டது என்று சொல்வார். கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிஷம் செய்தால் ஒரு மாதத்தில் நாக்கு பிரித்துக்கொள்ளும்.

இன்னொன்று வ. அவர்களுக்கு இரண்டு வ உண்டு: பல் உதட்டைத் தொடுவது ஒன்று, உதடு குவிவது இன்னொன்று. எல் எழுத்தில் குறுக்குக்கோடு போட்டிருந்தால் உதடு குவிய வேண்டும். வூச் என்கிற ஊர்ப் பெயரே அதில்தான் ஆரம்பிக்கிறது.

வேற்றுமை ஏழுதான், நமக்கு எட்டு

போலிஷில் ஏழு வேற்றுமை என்றதும் ஆங்கில வழியாகக் கற்பவர்கள் பயப்படுகிறார்கள். எட்டு வேற்றுமையோடு வளர்ந்த நமக்கு அந்தப் பயம் வேண்டாம். 'சித்தியை', 'சித்திக்கு', 'சித்தியோடு' என்ற வேறுபாடு ஏன் தேவை என்று யாரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை. பாடத்தை ஆங்கிலத்தில் படித்தாலும், எடுத்துக்காட்டை மனதில் தமிழாக்கிக்கொள்ளுங்கள். பாதி வேலை முடிந்துவிடும்.

மீதிப் பாதி உண்மையிலேயே கஷ்டம். தமிழில் 'ஐ' எல்லாப் பெயருக்கும் ஐ-தான். போலிஷில் ஆண்பால், பெண்பால், இரண்டிலும் சேராத நடுப்பால் என்று தனித்தனி முடிவு. முழு அட்டவணையை மனப்பாடம் செய்யாதீர்கள். உங்கள் வீட்டுச் சொற்கள் பத்தை எடுத்து அவற்றை மட்டும் எல்லா வேற்றுமையிலும் சொல்லிப் பழகுங்கள். எனக்கு முதல் சொல் 'சோச்சா'. சித்தியை என்றால் 'சோச்செ'. சித்தியின், சித்திக்கு, சித்தியைப் பற்றி, மூன்றுக்கும் ஒரே 'சோச்சி'. சித்தியோடு என்றால் 'சோச்சோ' என்று சொல்லி முடிவை மூக்கில் விட வேண்டும். இந்த ஒரு சொல் வந்துவிட்டால் அதே மாதிரி முடியும் பாட்டியும் வந்துவிடுவார். விக்சனரி என்கிற இணைய அகராதியில் பெரும்பாலான பெயர்ச்சொற்களுக்கு அட்டவணை இருக்கிறது, பத்துச் சொல்லையும் அங்கே சரிபார்க்கலாம்.

விளி வேற்றுமையை மட்டும் முதல் நாளே கற்றுக்கொள்ளுங்கள். 'கண்ணன்' கூப்பிடும்போது 'கண்ணா' ஆவதைப் போல 'சோச்சா' கூப்பிடும்போது 'சோச்சு' ஆகும், 'பாப்ச்சா' 'பாப்ச்சு' ஆகும், 'மாமா' 'மாமோ' ஆகும். நான் முதன்முதலாக 'சோச்சு' என்று கூப்பிட்ட அன்று சித்தி ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்படி அவரைக் கூப்பிட இந்த உலகத்தில் வேறு பிள்ளை கிடையாது.

மரியாதையும் நமக்குப் புதிதல்ல. வெளியாட்களிடம் ஐயா, அம்மா என்ற பொருளில் 'பான்', 'பானி' என்று வைத்துப் படர்க்கையில் பேச வேண்டும். பழைய தலைமுறை வீட்டிலும் அப்படித்தான் பேசியது. 'சோச்சா யாட்வா?' என்று சித்தியிடமே கேட்கலாம். 'சித்தி சாப்பிட்டாங்களா?' என்று நம் வீட்டில் நேருக்கு நேர் கேட்பதில்லையா, அதே பணிவு. இப்போது பலரும் 'சோச்சு' என்று கூப்பிட்டுவிட்டு நீ என்றே பேசுகிறார்கள். உங்கள் வீட்டு வழக்கம் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அம்மாவின் தம்பி 'வூயெக்', அப்பாவின் தம்பி 'ஸ்திரிய்' என்று மாமாவையும் சித்தப்பாவையும் பிரித்துச் சொல்லும் வழக்கமும் இருந்தது. இப்போது பெரும்பாலும் இருவருமே 'வூயெக்'தான்.

யாரிடமிருந்து கற்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள்

அப்பாவிடம் கேட்டுக் கேட்டுப் பேசியதில் எனக்கு ஒரு தப்பு ஒட்டிக்கொண்டது. இறந்த காலத்தில், தன்மையிலேயே ஆண்பால் பெண்பால் உண்டு. ஆண் 'இருந்தேன்' என்றால் 'பிவெம்', பெண் சொன்னால் 'பிவாம்'. அப்பா சொன்னதையே திருப்பிச் சொல்லி ஆறு மாதம் நான் ஆணாகவே பேசியிருக்கிறேன். நான் மனம் விட்டுவிடுவேன் என்று நினைத்துச் சித்தி திருத்தாமல் விட்டிருக்கிறார். பெண்கள் பெண் குரலையும் ஆண்கள் ஆண் குரலையும் கேட்டுப் பழகுங்கள். தப்பைத் திருத்தச் சொல்லி முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு சிக்கலுக்குத் தமிழே வழி காட்டியது. பெரும்பாலான வினைகளுக்கு இரட்டை வடிவம் உண்டு. 'யாட்வாம்' என்றாலும் சாப்பிட்டேன், 'ஸ்யாட்வாம்' என்றாலும் சாப்பிட்டேன். ஆசிரியர் எவ்வளவோ விளக்கியும் பிடிபடவில்லை. ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது தோன்றியது: முதலாவது 'சாப்பிட்டேன்', இரண்டாவது 'சாப்பிட்டுவிட்டேன்'. எல்லா இடத்திலும் கச்சிதமாகப் பொருந்தாது, ஆனால் பத்தில் ஏழு இடத்தில் இந்த 'விடு' கைகொடுக்கும்.

சாப்பாட்டு மேசையில்

நேரில் போவதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும். ஏதாவது கொடுக்கும்போது வெறும் 'ஜெங்கூயெ', அதாவது நன்றி, என்றால் வேண்டாம் என்று அர்த்தம். வேண்டும் என்றால் 'போப்ரோஷெ'. தெரியாமல் மரியாதைக்கு நன்றி சொல்லி முதல் நாள் கேக் எனக்கு வராமலே போனது. போதும் என்பதற்கு 'நாயாட்வாம் ஷெ', வயிறு நிறைந்தது. அதைச் சொன்ன பிறகும் தட்டில் விழும். விருந்தாளி வீட்டுக்கு வந்தால் கடவுள் வீட்டுக்கு வந்த மாதிரி என்று அங்கே பழமொழியே உண்டு. அப்புறம், பேச்சில் அவர்கள் 'நோ' என்று தலையாட்டினால் அது 'ஆமாம்'. மறுக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

பூ வாங்கிப் போனால் ஒற்றைப்படையில் வாங்குங்கள். செவ்வந்தி வேண்டாம், அது கல்லறைக்கு வைக்கும் பூ. வாசற்படிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கை குலுக்க மாட்டார்கள், உள்ளே போய்த்தான்.

பேச்சு நடுவில் கோர்வை விட்டுப்போனால் சொல்ல ஒரு வாக்கியம் உண்டு: 'ஸ்த்ராச்சிவாம் வோந்தெக்'. இழையை விட்டுவிட்டேன். வோந்தெக் என்றால் தறியில் குறுக்கே ஓடும் ஊடை நூல். பாவு 'ஓஸ்னோவா'. 1990களில் மில் மூடும்வரை சித்தி தறிக்காரியாக இருந்தவர். நான் அதைச் சொன்னதும் எழுந்துபோய் ஒரு துணித்துண்டைக் கொண்டுவந்தார். எது ஓஸ்னோவா, எது வோந்தெக் என்று விரலால் பிரித்துக் காட்டினார். நான் பாவு, ஊடை என்றேன். அவரும் திருப்பிச் சொன்னார். அன்றைக்கு இரண்டு மணி நேரம் மில் கதை.

கடிதங்கள்

வீட்டில் பழைய கடிதம் இருந்தால் அதைக் கடைசிக்கு வையுங்கள். கையெழுத்துப் போலிஷ் வேறு மொழி மாதிரி இருக்கும். எல் எழுத்தின் குறுக்குக்கோடு மேலே ஒரு நெளிகோடாகப் போய்விடும், அச்சில் பார்த்த எழுத்தா என்று சந்தேகம் வரும். நீங்களே முட்டி மோதாமல், எழுதியவரையோ வாங்கியவரையோ வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொண்டு, காதில் கேட்டபடியே கண்ணால் தொடருங்கள். ஒரு பக்கம் முடித்தால் அடுத்த பக்கத்துக்கு எழுத்து பழகிவிடும்.

அம்மா கோவையிலிருந்து எழுதியவற்றைச் சித்தி ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார். 1983-இல் எழுதிய ஒன்றில் ஒரு வரி வந்தது. சித்தி வாசிப்பதற்கு முன்பே அது எனக்குப் புரிந்துவிட்டது: 'மாவா யூஷ் மூவி மாமோ.' குட்டி இப்போது 'மாமோ' என்று கூப்பிடுகிறாள்.