‘மூட்டுத் தேய்மானம்’ என்ற சொல்லும் அது இழுத்துவரும் தவறுகளும்

முழங்கால் வலிக்கிறது என்று யாரிடம் சொன்னாலும் பதில் தயாராக இருக்கும்: “தேய்மானம்தான், வயது ஆகிறதே.” மருத்துவரும் எக்ஸ்ரே படத்தைக் காட்டி அதே சொல்லைச் சொல்லிவிட்டால் கதை முடிந்தது. செருப்பு தேய்கிறது, டயர் தேய்கிறது. தேய்ந்த பொருளை அளந்துதான் பயன்படுத்துவோம். அதே கணக்கை முழங்காலுக்கும் போட்டு நடையை நிறுத்துகிறோம், மாடிப்படியைத் தவிர்க்கிறோம், நாற்காலியோடு ஒட்டிக்கொள்கிறோம். முழங்கால் வலிக்காரர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு இதுதான். அந்தச் சொல்லே அதைச் செய்ய வைக்கிறது என்பது என் எண்ணம்.

எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டுக்குள் ஊறும் வழவழப்பான திரவத்தை நம்பித்தான் அது பெரும்பாலும் உயிர் வாழ்கிறது. காலை ஊன்றும்போது அழுந்துகிறது, எடுக்கும்போது விரிகிறது; அப்போதுதான் ஊட்டம் உள்ளே போகிறது. ஆக, மிதமான நடை அதற்குச் சாப்பாடு. நடையை நிறுத்தினால் சாப்பாடு குறைவதோடு, சில வாரங்களிலேயே தொடையின் முன்பக்கத் தசையும் இளைக்கிறது. படி இறங்கும்போது உடலின் பாரத்தைப் பிடித்து நிறுத்துவது அந்தத் தசைதான். அது சோர்ந்தால் பாரம் மூட்டின் மேல் விழும், வலி கூடும், வலி கூடியதால் இன்னும் அதிகமாக உட்காருவோம்.

அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. புதிதாக வீங்கிய முழங்காலுக்கு ஓரிரு நாள் ஓய்வு நல்லதுதான். நாள்பட்ட வலிக்கு இயன்முறை மருத்துவர்கள் சொல்லும் அளவுகோல் எளிது: பயிற்சியின்போது தாங்கக்கூடிய வலி இருக்கலாம், மறுநாளுக்குள் அது பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லை, அல்லது வீக்கம் வந்தது என்றால் அளவைக் குறைக்க வேண்டும், நிறுத்திவிடக் கூடாது. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து மெதுவாக உட்காருவது, மிதிவண்டி, நீச்சல் எல்லாம் இதில் சேரும். இரண்டு வாரம் செய்துவிட்டுப் பலனில்லை என்று கைவிடுவது அடுத்த தவறு. தசை வலுவாக இரண்டு மூன்று மாதங்கள் ஆகும்.

உடல் எடையைப் பற்றிப் பேசினால் பலருக்குக் கோபம் வரும். ஆனாலும் ஒரு கணக்கு நம்பிக்கை தரும். முழங்கால் தேய்மானமும் அதிக எடையும் உள்ள முதியவர்களிடம் நடந்து 2005-இல் வெளியான ஆய்வு ஒன்றில், குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறைந்திருந்தது. ஐந்து கிலோ குறைத்தவருக்கு அடிக்கு இருபது கிலோ மிச்சம்.

கைத்தடியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில்தான் தடியைப் பிடிக்க வேண்டும். என் அத்தை ஆறு மாதம் வலிக்கும் பக்கமே ஊன்றி நடந்தார். எங்கள் வீட்டில் யாருக்கும் அது தப்பாகத் தோன்றவே இல்லை.

இனி, படங்களின் கதை. குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது; எலும்புகளுக்கு இடையிலான இடைவெளியை வைத்துத்தான் அதை ஊகிக்கிறார்கள். படுத்தபடி எடுத்த படத்தில் அந்த இடைவெளி உள்ளதைவிட அகலமாகத் தெரியலாம். அதனால் தேய்மானத்தைப் பார்ப்பதற்கான படத்தை நின்றபடி எடுக்க வேண்டும். இன்னொன்று: குருத்தெலும்பில் நரம்பும் கிடையாது. வலி எழுவது மூட்டின் உள்ளுறை, எலும்பு, தசைநார்கள் போன்றவற்றில். படத்தில் மூட்டு மோசமாகத் தெரிந்தும் சிரமமின்றி நடப்பவர்களும், படம் சுத்தமாக இருந்தும் நொண்டுபவர்களும் இருப்பது இதனால்தான்.

எம்ஆர்ஐயின் சிக்கல் வேறு மாதிரி. அது அளவுக்கு மீறிக் காட்டும். அமெரிக்காவின் ஃபிராமிங்காம் நகரில் 50 முதல் 90 வயது வரையிலானவர்களைப் படமெடுத்த ஆய்வு 2008-இல் வெளிவந்தது. முழங்காலுக்குள் மெத்தை போல் இருக்கும் சவ்வு கிழிந்திருந்தவர்களில் 61 விழுக்காட்டினருக்கு முந்தைய மாதத்தில் வலியோ இறுக்கமோ இல்லை. அறிக்கையில் ‘கிழிசல்’ என்ற சொல்லைப் பார்த்ததும் நடுவயதுக்காரர்கள் அறுவைக்கு ஓடுகிறார்கள். அந்தக் கிழிசலுக்கும் அவர்கள் வலிக்கும் தொடர்பு இல்லாமலே இருக்கலாம். மூட்டுக்குள் சிறு கேமராவைச் செலுத்திச் சுத்தம் செய்யும் ஆர்த்ரோஸ்கோப்பியை 2002-இல் 180 பேரிடம் சோதித்தார்கள். சிலருக்குத் தோலில் மட்டும் கீறல் போட்டுத் தைத்து அனுப்பினார்கள். இரண்டு ஆண்டுகள் கவனித்தும் இரு தரப்புக்கும் வலியில் வேறுபாடு இல்லை. 2017-இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று, தேய்மான முழங்கால் உள்ள ஏறக்குறைய எல்லோருக்கும் இந்தச் சிகிச்சை வேண்டாம் என்று அழுத்தமாகவே பரிந்துரைத்தது. விளையாட்டில் அடிபட்ட இளைஞரின் புதிய கிழிசல் தனி விஷயம். இரண்டையும் குழப்பக் கூடாது.

‘தேய்மானம்’ என்று முடிவுகட்டுவதில் இன்னொரு ஆபத்து, உண்மைக் காரணம் மறைந்துபோவது. காலையில் எழுந்ததும் இறுக்கம் அரை மணி நேரத்துக்குள் விட்டால் பெரும்பாலும் தேய்மானம். ஒரு மணி நேரம் தாண்டியும் நீடித்து, விரல் மூட்டுகளும் வீங்கினால் முடக்குவாதம் என்ற மூட்டு அழற்சி நோயாக இருக்கலாம். அதற்கு வாத நோய் நிபுணரைப் பார்க்க வேண்டும், அதுவும் தாமதிக்காமல். வெகுநேரம் உட்கார்ந்து எழும்போதும் படி இறங்கும்போதும் முன்பக்கம் வலித்தால் முழங்கால் சில்லுப் பகுதியில் கோளாறு இருக்கலாம். சில நேரம் முழங்காலில் ஒரு குறையும் இருக்காது. இடுப்பு மூட்டின் வலி நரம்பு வழியே இறங்கி முழங்காலில் பேசும். ஒரு பிள்ளை முழங்கால் வலிக்கிறது என்று சொல்லி நொண்டினால் இடுப்பையும் கட்டாயம் சோதிக்க வேண்டும். வளரும் வயதில் தொடையெலும்பின் தலைப்பகுதி நழுவும் நோய் இப்படித்தான் முழங்கால் வலியாக வேடமிட்டு வரும். தாமதித்தால் இடுப்பு மூட்டே கெட்டுவிடும்.

சில அறிகுறிகளில் நாளை பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. காய்ச்சலோடு முழங்கால் சிவந்து சூடாக வீங்கினால் உள்ளே சீழ் பிடித்திருக்கலாம். தைலம் தேய்த்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடிபட்ட ஓரிரு மணி நேரத்தில் பெரிதாக வீங்குவது, நாலடி கூட ஊன்றி நடக்க முடியாதது, முழங்கால் மடங்கிய நிலையிலேயே பூட்டிக்கொள்வது, கெண்டைக்கால் ஒருபக்கம் மட்டும் வீங்கி வலிப்பது ஆகியவையும் அவசரம்தான்.

மருந்துகளில் வலிமாத்திரைகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். மருந்துக்கடையில் தாமாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். வயிற்றுப் புண், சிறுநீரகப் பாதிப்பு, இரத்த அழுத்தம், இதயச் சிக்கல் எல்லாம் அதன் பின்னால் வரிசையில் நிற்கும். பலருக்கு வலியுள்ள இடத்தில் பூசும் களிம்பே போதும். ஸ்டீராய்டு ஊசி சில வாரம் நிம்மதி தரும், ஆனால் பழக்கமாகக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒன்றாக இரண்டு ஆண்டுகள் போட்டுப் பார்த்த 2017 ஆய்வில், உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட இவர்களின் குருத்தெலும்பு அதிகம் குறைந்தது. வலியில் வேறுபாடு இல்லை. குளுக்கோசமைன் மாத்திரையை நம்புகிறவர்களுக்கு ஒரு தகவல்: 1,583 பேரிடம் நடந்த 2006 ஆய்வில் அது மொத்தத்தில் வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை.

மூட்டு மாற்று அறுவையில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. பயிற்சியே செய்யாமல் நேராக அறுவைக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம். கால் வளைந்து, தூக்கம் கெட்டு, வீட்டுக்குள்ளேயே முடங்கிய பிறகும் பயத்தால் தள்ளிப்போடுகிறவர்கள் மறுபக்கம். பத்துப் பதினைந்து ஆண்டில் மாற்று மூட்டும் போய்விடும் என்ற பயம் பழையது. 2019-இல் வெளியான தொகுப்பாய்வின்படி முழு முழங்கால் மாற்றுகளில் ஏறத்தாழ 82 விழுக்காடு 25 ஆண்டுகள் நிலைக்கின்றன.

எலும்பு மூட்டு நிபுணரிடம் போகும்போது படங்களை மட்டும் கொண்டுபோகாதீர்கள். எந்த இடத்தில், எந்த அசைவில், எப்போதிலிருந்து வலிக்கிறது, என்ன செய்ய முடியாமல் போயிற்று என்று நாலு வரி எழுதிக்கொண்டு போங்கள். தொடை வரை சுருட்டக்கூடிய தளர்வான உடை அணிந்து போங்கள். அவர் உங்களை நடக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும், இரண்டு முழங்கால்களையும் இடுப்பையும் அசைத்துப் பார்க்க வேண்டும். அறுவை என்று சொன்னால், இப்போது செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். முழங்காலைத் தொடாமலே, படத்தை மட்டும் பார்த்து அறுவைக்குத் தேதி குறித்தால், அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு இன்னொரு மருத்துவரிடம் போகலாம்.