ஒரு நாள் மலையேற்றத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக மலையேற வருபவர்களைப் பார்க்கும்போது, நான் அந்தக் காலத்தில் செய்த கூத்தெல்லாம் வரிசை மாறாமல் திரும்ப நடப்பதைப் பார்க்கிறேன். தண்ணீர் எடுத்து வாருங்கள், செருப்பில் வராதீர்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான், விட்டுவிடலாம்.

திரும்பும் நேரத்தை முடிவு செய்யாமல் ஏறுவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். மலை நகரத்துக்குப் பக்கத்தில் இருந்தாலே ஒரு மெத்தனம் வந்துவிடுகிறது. நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு பத்தரை மணிக்கு அடிவாரத்தில் வந்து நின்று, "அஞ்சு கிலோமீட்டர்தானே?" என்பார்கள்.

நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்ன கணக்கு ஒன்று உண்டு. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம்; ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அந்த அஞ்சு கிலோமீட்டரில் 900 மீட்டர் உயரம் ஏற வேண்டும் என்றால் இரண்டரை மணி நேரம். அதுவும் எங்கும் உட்காராமல் நடப்பவருக்கு. வேரும் ஈரப்பாறையுமான காட்டுப் பாதையில், புதியவர்கள் இருந்தால் நான் நான்கு மணி நேரம் வைப்பேன். செங்குத்தான வழியில் இறங்கவும் ஏறக்குறைய அதே நேரம் பிடிக்கும். பத்தரைக்கு ஏறினால் கீழே வர ஆறரை. மரங்களுக்கு அடியில் அதற்கு முன்பே இருட்டிவிடும்.

ஒருமுறை எங்கள் குழுவில் மணி இரண்டைத் தாண்டியும் ஒருவர் திரும்ப மறுத்தார். "மேல வெளிச்சம் தெரியுது, இன்னும் பத்தே நிமிஷம்!" மரங்கள் விலகி வானம் தெரிந்தது உண்மைதான். ஆனால் அது உச்சி இல்லை, நடுவில் ஒரு மேடு. அதன் பின்னால் இன்னொரு ஏற்றம் நின்றது. "இவ்வளவு தூரம் வந்துட்டு..." என்று அடுத்த வசனம். இறங்கும்போது நடுவழியில் இருட்டிவிட்டது. ஒவ்வொரு வேரையும் காலால் துழாவித் துழாவி இறங்கினோம். அந்த மனிதருக்கே கணுக்கால் பிசகி, அப்புறம் இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வர வேண்டியதாயிற்று.

கிளம்பும் முன்பே ஒரு நேரம் வைத்து எல்லோர் காதிலும் போடுங்கள். பன்னிரண்டு என்றால் பன்னிரண்டுதான். உச்சி கண்ணெதிரே இருந்தாலும் சரி.

ஏற்றத்திலேயே கால் பலத்தைத் தீர்த்துவிடுவது

இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. பாதி இறக்கத்தில் கால் நடுங்குவது அதனால்தான், வழுக்கி விழுவதும் பெரும்பாலும் அங்கேதான். உச்சியிலேயே ஷூ கயிற்றை அவிழ்த்து, குதிகாலைப் பின்னால் தள்ளி, கணுக்காலருகே இறுக்கிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் பெருவிரல் நகம் முன்பக்கம் இடித்து இடித்துக் கறுத்துவிடும்.

கைக்கு எட்டிய கிளையைப் பிடிப்பது

முள், எறும்பு, மக்கிய கட்டை. பார்த்துவிட்டுப் பிடியுங்கள்.

போன் டார்ச்சை நம்புவது

ஒரு கை போனுக்கே போய்விடும். தலையில் மாட்டும் விளக்குதான் வேண்டும்.

குறுக்கு வழி

வேண்டாம்.