டிரேட்மார்க்: பெயர் பொதுச்சொல்லாகிப் போகாமலிருக்கத் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் டிரேட்மார்க் பதிவுக்காக லேபிளையும் விலைப்பட்டியலையும் கொண்டுவந்து எங்கள் வக்கீல் அலுவலக மேசையில் பரப்புகிறார்கள். முன்பு வந்தவர்கள் செய்த அதே பிழைகள் அப்படியே கண்ணில் படுகின்றன. பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அடுத்தவர் பெயரை ஒட்டிப் பெயர் வைக்கக் கூடாது என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள், அவற்றை விடுகிறேன். பிராண்டு பெயர் பண்டத்தின் பொதுப்பெயராகிவிட்டால் அதன்மேல் உள்ள உரிமையே கைநழுவிப் போகலாம். அதற்கு வழிவிடும் தவறுகள்தான் இங்கே.

பிராண்டு பெயரையே பண்டத்தின் பெயராக்குவது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. பாத்திரம் தேய்க்கும் நார் தயாரிக்கும் ஒருவர், தம் விலைப்பட்டியலில் ‘நார்’ என்ற சொல்லை ஓரிடத்தில்கூட அச்சிடவில்லை. எல்லா வரியிலும் பிராண்டு பெயர்தான். சிறியது, பெரியது, ஸ்டீல் என்று முன்னால் வரும் அடைமொழி மட்டும் மாறும். “கடைக்காரர்கள் நார் என்று கேட்பதில்லை சார், என் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள்” என்று அவருக்கு ஒரே பெருமை. பிறகு பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் தம் பாக்கெட்டிலும் அதே பெயரைப் போட்டு விற்கத் தொடங்கினார். நோட்டீஸ் அனுப்பினோம். வந்த பதிலோடு எங்கள் கட்சிக்காரரின் விலைப்பட்டியலே இணைக்கப்பட்டிருந்தது: இது பண்டத்தின் பெயர்தான் என்று நீங்களே அச்சடித்திருக்கிறீர்களே! எங்களிடம் பதில் இல்லை. சமரசத்துக்குப் போனோம். பாக்கெட், பட்டியல், பில் புத்தகம் எல்லாவற்றையும் புதிதாக அச்சடித்த செலவு அவர் தலையில் விழுந்தது.

பெரிய நிறுவனங்களே இதில் விழுந்திருக்கின்றன. எஸ்கலேட்டர் என்பது ஒருகாலத்தில் ஓடிஸ் என்ற லிப்ட் நிறுவனத்தின் டிரேட்மார்க். ஆனால் தன் விளம்பரத்திலேயே எலிவேட்டர்களையும் (அதாவது லிப்டுகளையும்) எஸ்கலேட்டர்களையும் ஒரே மூச்சில், இரண்டும் பொதுப்பெயர்கள்போல அது எழுதியது. காப்புரிமை (பேட்டன்ட்) ஆவணங்களிலும் அதே கதை. 1950-இல் அமெரிக்காவில் அந்தப் பதிவு ரத்தானபோது, நிறுவனத்துக்கு எதிராக அதன் சொந்தக் காகிதங்களே நின்றன.

தமிழ் லேபிளை ஆங்கில லேபிளின் நகலாக நினைப்பது

வெந்நீர் ஃபிளாஸ்குக்கு வைத்த ‘தெர்மாஸ்’ என்ற பெயர் பொதுச்சொல்லாகிவிட்டது என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 1963-இல் தீர்ப்பளித்தது. ஆனாலும் ஆங்கிலத்தில் முதலெழுத்தைப் பெரிதாக எழுதும் உரிமையைப் பழைய உரிமையாளருக்கே விட்டுவைத்து, போட்டியாளர் சிறிய எழுத்தில்தான் எழுத வேண்டும் என்றது. நம் எழுத்தில் பெரியது சிறியது கிடையாது. ஆகவே தமிழ் லேபிளில் பிராண்டு பெயரை ஒட்டி நார், பசை, மாவு என்று பண்டத்தின் பெயர் வந்தே தீர வேண்டும். அதுவும் கண்ணுக்குத் தெரியும் அளவில்.

பெயரை வினைச்சொல்லாக்கி விளம்பரம் எழுதுவது

எதுகை எவ்வளவு அழகாக அமைந்தாலும், ‘ஜெராக்ஸ் பண்ணுங்கள்’ என்பதுபோல எழுத வேண்டாம்.

பதிவு கிடைக்கும் முன்பே வட்டத்துக்குள் ‘ஆர்’

கூடாது. அது பதிவான பெயருக்குரிய குறி. அதுவரை, டிரேட்மார்க் என்பதன் சுருக்கமான ‘டிஎம்’ போதும்.

வாடிக்கையாளரின் நாக்கைத் திருத்தப் புறப்படுவது

வேண்டாத வேலை. தெருவுக்குத் தெரு ‘ஜெராக்ஸ்’ பலகை தொங்குகிறது. உள்ளே இருப்பது பெரும்பாலும் வேறு கம்பெனி இயந்திரம். அப்படியும் ஜெராக்ஸ் பதிவை நீக்கக் கோரிய முயற்சி இந்தியாவில் 2012-இல் தோற்றது. நம் டிரேட்மார்க் சட்டம், 1999-இன் 36-ஆவது பிரிவு கவனிப்பது, அந்தப் பண்டத்தை விற்கும் வணிகர்கள் பெயரை எப்படிப் புழங்குகிறார்கள் என்பதை. போட்டிக் கம்பெனிச் சரக்குக்கு உங்கள் பெயரில் பில் போடும் கடை தெரியவந்தால், அந்த வாரமே ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். பில்லின் படத்தையும் கடித நகலையும் அது போய்ச் சேர்ந்ததற்கான சான்றையும் ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள்.