சளி, இருமல், ஒவ்வாமை மருந்துகள்: வயதறியாமல் கொடுப்பதால் நேரும் தவறுகள்

சளிக்கென்று வாங்கும் மாத்திரைகளும் சிரப்புகளும் பெரும்பாலும் ஒற்றை மருந்தால் ஆனவை அல்ல. காய்ச்சலுக்கு ஒன்று, மூக்கடைப்புக்கு ஒன்று, தும்மலுக்கு ஒன்று என்று மூன்று நான்கு மருந்துகளைச் சேர்த்தவை. தலைவலிக்குப் பாராசிட்டமால், சளிக்கு வேறொரு பெயரில் கூட்டு மாத்திரை, இரவுக்கு ஒரு சிரப் என்று எடுத்துக்கொள்பவர், மூன்றிலும் பாராசிட்டமால் இருக்கக்கூடும் என்பதை அறியாமலே அளவை மீறிவிடுகிறார். ஆரோக்கியமான பெரியவருக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரைகள் எட்டு என்பதே உச்ச வரம்பு. எடை குறைந்தவருக்கும், கல்லீரல் நோயாளிக்கும், நாள்தோறும் மது அருந்துபவருக்கும் அதுவே அதிகம். அளவு மீறிய முதல் நாளில் எந்த அறிகுறியும் தெரியாமல் போகலாம் என்பதுதான் இதில் மிகவும் அஞ்சத்தக்கது. கல்லீரலைக் காக்கும் முறிமருந்து 8 மணி நேரத்துக்குள் கொடுக்கப்படும்போதே மிகச் சிறப்பாக வேலை செய்கிறது என்பதால், 'நன்றாகத்தானே இருக்கிறார்' என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் அளவைவிட முதலில் எழ வேண்டிய கேள்வி, அந்த மருந்து தேவையா என்பதே. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இல், 2 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கடையில் கிடைக்கும் சளி, இருமல் மருந்துகளைக் கொடுக்க வேண்டாம் என்று எச்சரித்தது. அதே ஆண்டில் அங்குள்ள தயாரிப்பாளர்கள் 4 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கூடாது என்று அட்டையிலேயே அச்சிட முன்வந்தார்கள். மூச்சுத் திணறலும் இதயத் துடிப்பு மாறுபாடும் நேரக்கூடும் என்பது ஒருபுறமிருக்க, சிறு குழந்தைகளுக்கு இவற்றால் தெளிவான பயன் இருப்பதாக நிறுவப்படவும் இல்லை. ஒரு வயதைக் கடந்த குழந்தையின் இருமலுக்குத் தேன் கொடுக்கலாம். அதற்கு முன் கொடுத்தால் பொட்டுலிசம் என்னும் நச்சுத் தாக்கு வரக்கூடும். ஆஸ்பிரினை மருத்துவர் சொல்லாமல் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. தூங்கட்டும் என்பதற்காக ஒவ்வாமை மருந்து கொடுக்கும் பெற்றோரின் களைப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் அது ஆபத்தான பழக்கம், சில குழந்தைகளுக்கு நேர்மாறாகப் படபடப்பையும் உண்டாக்குகிறது.

பாராசிட்டமால் சொட்டு மருந்தையும் சிரப்பையும் ஒன்றென எண்ணுவது இன்னொரு பெரும் பிழை. மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் கொண்ட சொட்டு மருந்து, 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் கொண்ட சிரப்பைவிட நான்கு மடங்குக்கும் மேல் செறிவானது. சிரப்பின் அளவில் சொட்டு மருந்தை ஊற்றினால் என்னவாகும் என்பதைக் கணக்கே சொல்லிவிடும். சமையலறைக் கரண்டியால் அளப்பதும் தவறே.

முதியவர்களுக்குக் குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின் போன்ற பழைய ஒவ்வாமை மருந்துகள் தூக்கத்தோடு மனக்குழப்பம், மலச்சிக்கல், சிறுநீர் தேக்கம் ஆகியவற்றையும் தரலாம். இரவில் எழுந்து நடக்கையில் விழுந்து இடுப்பெலும்பு முறிவதும் உண்டு. லோரடடின், பெக்ஸோபெனடின் போன்ற புதிய ஒவ்வாமை மருந்துகளில் இச்சிக்கல்கள் குறைவு. மூக்கடைப்புக்கான சூடோஎபெட்ரின் ரத்த அழுத்தத்தை உயர்த்துவதோடு, ப்ராஸ்டேட் வீக்கமுள்ளவருக்குச் சிறுநீரை அடைத்தும் விடலாம்.

ஆக்ஸிமெட்டசோலின் மூக்குச் சொட்டு மருந்தை மூன்று நாளுக்கு மேல் தொடர்ந்தால், மருந்தாலேயே மூக்கு அடைக்கத் தொடங்கும்; அப்போது அந்தச் சொட்டு மருந்தை நிறுத்துவதே தீர்வு.