செல்சுவர் ப்ராஜெக்ட் செய்பவர்கள் சொதப்பும் இடங்கள்

டிசம்பர் முடிந்ததும் மதுரைப் பக்கம் எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் ஜுரம் தொற்றிவிடும். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி பஸ்களில் வந்து இறங்கி, “செல்சுவர் என்சைம்ல ஏதாவது பண்ணணும் சார்” என்பார்கள். நாங்கள் படித்த காலத்தில் எங்கே சறுக்கினோமோ, அதே இடத்தில்தான் ஒவ்வொரு செட்டும் சறுக்குகிறது. பிளேட்டில் பெயர் எழுதாதது, பிப்பெட் டிப் மாற்றாதது, லேமினார் முன்னால் நின்று செல்போன் பேசுவது இதெல்லாம் சீனியர் நாலு திட்டு திட்டினால் சரியாகிவிடும். வைவா வரைக்கும் யார் கண்ணிலும் படாமல் போகிற தவறுகளைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சுவரைக் கட்டி முடித்த மதிலாக நினைப்பது

பாக்டீரியாவின் செல்சுவர் எதனால் ஆனதோ அந்தப் பெப்டிடோகிளைக்கன் என்ன என்று கேட்டால் எல்லோரும் ஒப்பிப்பார்கள். என்-அசிட்டைல் குளுக்கோசமைனும் என்-அசிட்டைல் மியூராமிக் அமிலமும் மாறி மாறிக் கோத்த இழைகள். மியூராமிக் அமிலத்தில் தொங்கும் குட்டிப் பெப்டைடுகள் பக்கத்து இழையின் பெப்டைடோடு இணைந்து, செல்லைச் சுற்றி ஒரே பெரிய மூலக்கூறாக நிற்கும். சரி, செல் வளர்ந்து நீளும்போது இது எப்படிப் பெரிதாகும்? இங்கே வாய் அடைத்துப்போகும்.

கயிற்றுக் கட்டிலை அகலமாக்க வேண்டுமென்றால், இருக்கிற கயிற்றை எங்கேயாவது அறுத்துத்தான் புதுக் கயிற்றை நுழைக்க முடியும். இங்கே மேலே ஆள் படுத்திருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும், அவர் விழுந்துவிடவும் கூடாது. ஈ.கோலை பாக்டீரியாவில் இந்த அறுக்கும் வேலையை மெப்எஸ், மெப்எம், மெப்எச் என்ற மூன்று எண்டோபெப்டிடேஸ்கள், அதாவது பெப்டைடு இணைப்பை வெட்டும் என்சைம்கள், பார்க்கின்றன. ஒன்று போனால் இன்னொன்று சமாளிக்கும்; மூன்றும் போனால் செல் பிழைக்காது. இதை 2012இல் காட்டியது நம் நாட்டு லேப்தான்: ஐதராபாத்தின் செல், மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையமான சிசிஎம்பியில் மஞ்சுளா ரெட்டியின் குழு. செல்சுவர் வேலைக்காக 2019இல் அவருக்கு இன்ஃபோசிஸ் பரிசும் கிடைத்தது. அப்படியிருந்தும் நம் பிள்ளைகளின் படத்தில் அறுக்கிற என்சைம் எல்லாம் சிவப்பு மையில் வில்லனாகவே வருகிறது. பிரிந்த மகள் செல்களைக் கடைசியாக வெட்டி விலக்குவதும் இந்த வகைதான். அமிடேஸ்கள் என்ற அந்த வெட்டும் என்சைம்களை நீக்கிப் பாருங்கள், செல்கள் விலக முடியாமல் சங்கிலியாகத் தொங்கும்.

ராத்திரி முழுக்க வளர்ந்த கல்ச்சரில் ஆம்பிசிலின் ஊற்றுவது

எனக்கு இன்னமும் எரிச்சல் வருவது இதில்தான்.

ஒரு பெண். கல்லூரி பெயர் வேண்டாம். ஹாஸ்டல் கேட் சீக்கிரம் மூடிவிடும் என்று சாயங்காலமே ஈ.கோலையைப் போட்டு ஷேக்கரில் வைத்துவிட்டுப் போவாள். காலையில் வந்தால் ஃபிளாஸ்க் கெட்டியாகக் கலங்கியிருக்கும். நேராக அதில் பென்சிலின் குடும்பத்து மருந்தான ஆம்பிசிலினை விட்டு, அரை மணிக்கு ஒரு தரம் ஓடி (O.D., கல்ச்சரின் கலங்கல் அளவு) பார்ப்பாள். மத்தியானம் வரை எண் அசையவில்லை. நோட்டில் ‘ரெசிஸ்டன்ட்’, அதாவது மருந்துக்கு மசியாதது, என்று எழுதிவிட்டாள். கைடுக்கு ஒரே குஷி, புது ரெசிஸ்டன்ஸ் கிடைத்துவிட்டது என்று. பிரைமர் ஆர்டர், பிசிஆர், வெளியே சீக்வென்சிங் என்று எல்லாம் நடந்தது. எல்லாம் அவள் வீட்டுக் காசு. ஒரு ஜீனும் சிக்கவில்லை. மருந்து பழசாக இருக்குமோ என்று புதுப் பாட்டிலும் வாங்கினார்கள். சப்மிஷன் தேதி நெருங்கியபோதுதான் எங்களிடம் வந்தாள்.

அவள் ரெக்கார்டு நோட்டைப் புரட்டினேன். முதல் வாரத்திலேயே, அதே ஸ்ட்ரெயினில், ஆம்பிசிலின் டிஸ்க்கைச் சுற்றித் தெளிவான வட்டம். ஸ்கேல் வைத்து அளந்து, பென்சிலில் எழுதியும் இருந்தாள். பிளேட்டில் சாகிறது, ஃபிளாஸ்க்கில் சாகவில்லை என்றால் வித்தியாசம் எங்கே? பிளேட்டில் பாக்டீரியா பெருகிக்கொண்டிருக்கும்போதே மருந்து வந்து சேர்கிறது. ஃபிளாஸ்க்கில் எல்லாம் தின்று தீர்த்து, வளர்ச்சி நின்ற பிறகு சேர்கிறது. இதைக் கைடும் பார்க்கவில்லை, கையெழுத்துப் போட்டவரும் பார்க்கவில்லை.

“இதே கல்ச்சரை நூற்றில் ஒரு பங்கா புது எல்பி பிராத்ல, அதான் வளர்ப்பு ஊடகத்துல, போடும்மா” என்றேன். 37 டிகிரியில் ஷேக்கர். ஓடி 0.3 தாண்டியதும் இரண்டு ஃபிளாஸ்க்காகப் பிரித்து, ஒன்றில் மட்டும் மில்லிக்கு 100 மைக்ரோகிராம் ஆம்பிசிலின். ஒரு மணி நேரத்துக்குள் அந்த ஃபிளாஸ்க் தெளிந்துவிட்டது. அடியில் நூல் நூலாக ஏதோ சுழன்றது. “அழுக்கா சார்?” என்றாள். உடைந்த செல்லிலிருந்து கொட்டிய டிஎன்ஏ அது.

ஏன் இப்படி? பக்கத்துப் பக்கத்து இழைகளை இணைக்கும் கடைசித் தையலைச் சுவரில் போடுவது டிரான்ஸ்பெப்டிடேஸ் என்ற என்சைம்கள். ஒரு பெப்டைடின் நுனியில் இருக்கும் டி-அலனைன், டி-அலனைன் என்ற அமினோ அமில ஜோடியைப் பிடித்து, கடைசி அலனைனைக் கழற்றிவிட்டு, மீதியைப் பக்கத்து இழையோடு இணைக்கும். பென்சிலின் குடும்பம் பார்வைக்கு அந்த ஜோடி மாதிரியே இருக்கும் என்று டிப்பர், ஸ்ட்ரோமிஞ்சர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1965இல் சொன்னார்கள். என்சைம் ஏமாந்து அதைப் பிடிக்கும். அதன் செரீன் என்ற அமினோ அமிலத்தில் ஒட்டிக்கொண்ட மருந்து பிறகு லேசில் விடாது. தையல் நின்றுவிடும். ஆனால் அறுக்கிற என்சைம்கள் தங்கள் வேலையை நிறுத்துவதில்லை, இழை நீட்டும் வேலையும் ஓடும். தைக்காத இழையைச் செய்வதும் உடனே வெட்டிப்போடுவதுமாகச் செல் வீணாக உழைத்துச் சரக்கைத் தீர்க்கிறது என்று 2014இல் ஹார்வர்டின் தாமஸ் பெர்ன்ஹார்ட் குழு காட்டியது. வளர்ச்சியே நின்ற செல்லில் தையலும் குறைவு, அறுப்பும் குறைவு. மருந்து எதைத் தடுத்து எதைக் கெடுக்கும்? போதாததற்கு, அந்த நிலையில் எல்,டி-டிரான்ஸ்பெப்டிடேஸ்கள் போடும் வேறு வகைத் தையலின் பங்கும் கூடும்; அவை ஆம்பிசிலினுக்கு அவ்வளவாக மசியாது.

புதுச் செய்தியும் இல்லை. பெருகுகிற பாக்டீரியாவைத்தான் பென்சிலின் கொல்கிறது என்று கிளாடிஸ் ஹாபியும் கூட்டாளிகளும் 1942இலேயே எழுதிவிட்டார்கள். 80 வருடம் தாண்டியும் ஒரு குடும்பத்தின் காசு இதில் கரைகிறது என்றால் கோபம் வராதா?

ஆகவே, ஓவர்நைட் கல்ச்சர் என்பது விதை மட்டுமே. சோதனை அதிலிருந்து புதிதாக வளர்த்ததில். மருந்து விடும் நேரத்து ஓடியை நோட்டில் எழுதுங்கள். மருந்து சேர்க்காத ஃபிளாஸ்க் பக்கத்திலேயே ஓட வேண்டும்.

லைசோசைம் எதையும் உடைக்கும் என்ற நம்பிக்கை

லைசோசைம் என்பது சுவரின் இழையை வெட்டும் என்சைம், முட்டை வெள்ளைக்கருவில் நிறைய உண்டு. அந்த வெள்ளைக்கருவை ஈ.கோலை மேல் ஊற்றிவிட்டு, ஒன்றும் நடக்காததால் “முட்டை பழசு சார்” என்று கடைக்காரர் மேல் பழி போட்டவன் உண்டு. ஈ.கோலைக்கு வெளிச்சவ்வு இருக்கிறது. லைசோசைம் சுவரைத் தொடவே முடியாது. இடிடிஏ என்ற வேதிப்பொருளைச் சேர்த்து அந்தச் சவ்வைத் தளர்த்தினால் கதை வேறு. அடுத்தவன் புத்திசாலித்தனமாக, வெளிச்சவ்வே இல்லாத ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸுக்கு மாறினான். அதுவும் அசையவில்லை. அது தன் மியூராமிக் அமிலத்தில் ஓட்ஏ என்ற என்சைமால் அசிட்டைல் குழுவைச் சேர்த்து, லைசோசைம் கடிக்க வேண்டிய இடத்தை மறைத்துவிடுகிறது. கட்டிய பிறகும் பாக்டீரியா சுவரைத் திருத்திக்கொண்டே இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஸ்டாஃபைத்தான் உடைக்க வேண்டும் என்றால் அதன் கிளைசின் பாலத்தை வெட்டும் லைசோஸ்டாஃபின் வாங்குங்கள், விலை கையைக் கடிக்கும். லைசோசைம் வேலை செய்வதைக் கண்ணால் பார்த்தால் போதும் என்றால் மைக்ரோகாக்கஸ் என்ற பாக்டீரியாவை எடுங்கள். ஃபிளெமிங் 1922இல் லைசோசைமை விவரித்தபோது பயன்படுத்தியதும் அதுதான்.

பழைய பிளேட்டில் கிராம் ஸ்டெயின்

வேண்டாம். இந்தச் சாயத்தில் ஊதாவாகத் தெரிய வேண்டிய கிராம் பாசிடிவ் பாக்டீரியா, சுவர் சிதைந்திருந்தால் சிவப்பாகத்தான் தெரியும்.

சுவர்ப் படத்தில் ஏடிபி அம்பு

அழியுங்கள். தையல் நடப்பது செல் சவ்வுக்கு வெளியே; அங்கே செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி கிடையாது. தையலுக்கு வேண்டிய ஆற்றல் கழற்றிவிடும் அந்தக் கடைசி அலனைனின் பிணைப்பிலிருந்தே வருகிறது.

மெடிக்கல் ஷாப் கேப்சூலைப் பிரித்துக் கொட்டுவது

உள்ளே மருந்தோடு மாவும் இருக்கும், ஓடி எகிறும். லேப் தரப் பொடியை வாங்குங்கள்.

ஓடி ஏறினால் எண்ணிக்கை ஏறுகிறது என்று எழுதுவது

செஃபாலெக்சின் என்ற மருந்து விட்ட ஈ.கோலை ஃபிளாஸ்க்கில் ஓடி கொஞ்ச நேரம் நன்றாகவே ஏறும். மருந்து வேலை செய்யவில்லை என்று அவசரப்பட்டு மூடிவைத்துவிடுவார்கள். ஒரு சொட்டு எடுத்து ஸ்லைடில் பார்த்தால், குட்டிக் கம்பிகளுக்குப் பதில் ஃபீல்டின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நீண்ட இழைகள். பென்சிலின் பிடிக்கும் அந்தத் தையல் என்சைம்களுக்குப் பிபிபி என்று பெயர்; அவற்றில், செல் பிரியும்போது நடுவில் தடுப்புச் சுவர் எழுப்பும் பிபிபி3 என்சைமை இந்த மருந்து முடக்குகிறது. நீள வைக்கும் பிபிபி2 பாட்டுக்கு வேலை செய்கிறது. மெசிலினம் என்ற இன்னொரு மருந்தை விட்டால் தலைகீழ்: பிபிபி2 முடங்கி, செல்கள் உருண்டையாகிவிடும். இரண்டையும் அடுத்தடுத்த ஸ்லைடில் காட்டினால் வைவாவில் கேள்வியே குறையும். ஓடியோடு காலனி எண்ணிக்கையும் போடுங்கள், படத்தில் ஸ்கேல் பார் விட்டுவிடாதீர்கள்.