பேட்டரி கருவிகளை ஒழுங்குபடுத்துவது எப்படி? பட்டறைக்கும் வேனுக்கும் ஒரு செய்முறை

பேட்டரியில் இயங்கும் கருவிகளை ஒழுங்குபடுத்த நினைப்பவர்கள் பெரும்பாலும் முதல் வேலையாகப் பிளைவுட் வாங்கிவிடுகிறார்கள். டிரில் இங்கே, கிரைண்டர் அங்கே என்று சுவரில் கோடு போட்டு அழகான பலகை ஒன்றைச் செய்துவிடுகிறார்கள். அதன் பிறகும், வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் எதில் சார்ஜ் இருக்கிறது என்று ஒவ்வொரு பேட்டரியிலும் சார்ஜ் காட்டும் பொத்தானை அமுக்கிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

காரணம் எளிது. டிரில் நேற்றும் இன்றும் ஒரே டிரில்தான். பேட்டரி காலையில் நிறைந்திருக்கும், மதியம் பாதியாகும், மாலையில் காலியாகும். கருவிக்கு ஓர் இடம் ஒதுக்கினால் போதும். பேட்டரிக்கோ ஒரு சுற்றுவழி வேண்டும். அதனால் இந்தச் செய்முறையில் முதலில் பேட்டரி, அடுத்து சார்ஜர், அதன் பிறகே பலகை.

படி 1: எல்லாவற்றையும் தரையில் பரப்புங்கள்

கருவிகள், பேட்டரிகள், சார்ஜர்கள், பிட் பெட்டிகள் அனைத்தையும் வெளியே எடுத்து ஒரே இடத்தில் வையுங்கள். எந்த பேட்டரி எந்தக் கருவியில் பொருந்தும் என்று குழு பிரியுங்கள். ஒரு நிறுவனத்தின் பேட்டரி இன்னொரு நிறுவனத்தின் கருவியில் பொதுவாகப் பொருந்தாது. ஒரே நிறுவனத்திலும் 12 வோல்ட் வரிசையும் 18 வோல்ட் வரிசையும் தனித்தனி.

18 என்றும் 20 என்றும் அச்சிட்டிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 18 வோல்ட் பேட்டரிக்குள் ஐந்து லித்தியம்-அயன் செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஒரு செல்லின் பெயரளவு மின்னழுத்தம் 3.6 வோல்ட், ஐந்துக்கும் சேர்த்து 18. முழுதாகச் சார்ஜ் ஆனதும் ஒரு செல் சுமார் 4.2 வோல்ட் காட்டும். அப்போது மொத்தம் 21. சில நிறுவனங்கள் அந்த உச்ச அளவை ஒட்டி 20 என்று எழுதுகின்றன. உள்ளே இருப்பது அதே ஐந்து செல் தொடர்தான். ஆனாலும் பூட்டும் அமைப்பு வேறுபடும் என்பதால், எண்ணை மட்டும் நம்பி ஒன்றை இன்னொன்றில் திணிக்கக் கூடாது.

இப்போது ஒவ்வொரு பேட்டரிக்கும் எண் கொடுங்கள். அழியாத மார்க்கர் பேனாவால் எண்ணையும், வாங்கிய மாதத்தையும் ஆண்டையும் எழுதி, மேலே ஒளி ஊடுருவும் டேப் ஒட்டிவிடுங்கள். இது வெறும் அலங்காரமாகத் தோன்றலாம். ஆனால் என் கணக்கில் இந்த முழு ஏற்பாட்டிலும் மிகுந்த பயன் தருவது இந்த எண்தான். பத்துப் பேட்டரிகள் ஒரே மாதிரி இருக்கும்போது, 'ஏதோ ஒன்று சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது' என்று மட்டுமே தெரியும். எண் இருந்தால், சீக்கிரம் தீர்வது எப்போதும் 4-ஆம் எண்தான் என்பது ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். அதை ஒதுக்கிவைக்கலாம், அல்லது விளக்கு, ரேடியோ போன்ற இலேசான வேலைக்கு மாற்றலாம்.

படி 2: பேட்டரிக்கு ஒரு வழி அமையுங்கள்

மூன்று இடங்கள் வேண்டும்: காலியானவை, சார்ஜ் ஆகிக்கொண்டிருப்பவை, நிறைந்தவை. மூன்றும் இடமிருந்து வலமாக ஒரே வரிசையில் இருப்பது நல்லது. வேலை முடித்து வருபவர் இடது முனையில் வைப்பார். வேலைக்குப் போகிறவர் வலது முனையில் எடுப்பார். பேட்டரி எப்போதும் ஒரே திசையில் நகரும். பட்டறையில் நான்கு பேர் வேலை செய்தாலும் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இடது தட்டுக்குச் சிவப்பு டேப்பும் வலது தட்டுக்குப் பச்சை டேப்பும் ஒட்டுங்கள். பாதி சார்ஜ் இருக்கும் பேட்டரியை எங்கே வைப்பது என்ற கேள்வி முதல் நாளே வரும். என் பதில்: கருவியிலிருந்து கழற்றிய எதுவும் சிவப்புக்கே போகட்டும். பச்சைத் தட்டில் இருப்பது நிறைந்தது என்ற நம்பிக்கை ஒருமுறை உடைந்தால், எல்லோரும் பழையபடி அமுக்கிப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். பாதியில் சார்ஜ் போடுவதால் லித்தியம்-அயன் பேட்டரிக்குக் கேடில்லை. முழுக்கத் தீர்த்துவிட்டுத்தான் போட வேண்டும் என்பது பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரி காலத்துப் பழக்கம். லித்தியம் பேட்டரியை அடியோடு காலியாக்கி நாள்கணக்கில் போட்டுவைப்பதுதான் அதற்குக் கெடுதல்.

தட்டில் பேட்டரிகள் உருளாமல் நிற்கக் குறுக்குக் கட்டைகள் அடியுங்கள். உலோகத் தொடுமுனைகள் மூடியிருப்பது முக்கியம். ஒரு ஸ்குரூவோ, கம்பித் துண்டோ, இரும்புத் தூளோ இரண்டு முனைகளையும் சேர்த்துத் தொட்டால் அந்த நொடியே பெரும் மின்னோட்டம் பாய்ந்து, கம்பி பழுக்கக் காய்ந்துவிடும். ஸ்குரூ போடும் பையிலேயே பேட்டரியைப் போடக் கூடாது என்பது இதனால்தான். பேட்டரியோடு வந்த பிளாஸ்டிக் மூடியைத் தூக்கிப் போட்டுவிட்டீர்கள் என்றால் தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

வாரக்கணக்கில் தொடப்போவதில்லை என்ற பேட்டரிகளுக்கு நான்காவதாக ஒரு பெட்டி வையுங்கள். முழுச் சார்ஜும் வெப்பமும் சேர்ந்தால் லித்தியம் செல் வேகமாக மூப்படையும். சார்ஜ் காட்டும் நான்கு விளக்குகள் உள்ள பேட்டரியில் இரண்டு எரியும் அளவுக்குச் சார்ஜ் வைத்து, குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வைத்தால் நெடுநாள் தாங்கும்.

படி 3: சார்ஜர் மேடை

சார்ஜர்கள் அனைத்தும் ஒரே இடத்தில், கண்ணில் படும்படி இருக்கட்டும். பல சார்ஜர்களின் அடியில் சாவித்துவாரம் போன்ற இரண்டு துளைகள் உண்டு. அவை சுவரில் மாட்டுவதற்காகவே கொடுக்கப்பட்டவை. அந்தத் துளைகள் மீது ஒரு காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் துளைகளின் பதிவு கிடைக்கும். அதைச் சுவரில் ஒட்டி ஸ்குரூ இடத்தைக் குறித்துக்கொள்ளலாம்.

மேடைக்குப் பின்னும் கீழும் எளிதில் தீப்பிடிக்காத பலகை நல்லது. சிமென்ட் பலகையோ இரும்புத் தகடோ போதும். தகடானால் தொடுமுனைகள் அதில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சார்ஜர்களுக்கு இடையே காற்றோட்டத்துக்கு இடைவெளி விடுங்கள். மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள். மரத்தூள் குவியும் மேசைக்கும், கிரைண்டரின் தீப்பொறி பறக்கும் மூலைக்கும், தின்னர், பெயின்ட் வைக்கும் அலமாரிக்கும் தள்ளியே இந்த மேடை இருக்க வேண்டும். பட்டறையிலிருந்து வெளியேறும் வழியை மறித்தும் வைக்கக் கூடாது. மேலே ஒரு புகை எச்சரிக்கைக் கருவி பொருத்துவது நல்ல முதலீடு.

எல்லாச் சார்ஜர்களையும் ஒரே சுவிட்சின் கீழ் கொண்டுவந்து, அதில் டைமர் ஒன்று சேர்த்துவிட்டால், ஆளில்லாத நேரத்தில் சார்ஜ் ஓடுவதைத் தவிர்க்கலாம். வேலை முடிந்த கையோடு சூடாக இருக்கும் பேட்டரியைச் செருகினால், பல சார்ஜர்கள் அது ஆறும்வரை சார்ஜைத் தொடங்காமல் காத்திருக்கும். விளக்கு வேறு விதமாக மின்னுவதைப் பார்த்துச் சார்ஜர் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்துபோன பேட்டரியையும் அறைவெப்பத்துக்கு வந்த பிறகே சார்ஜ் போட வேண்டும்; அந்தக் குளிரில் சார்ஜ் ஏற்றினால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதம் உண்டாகும்.

படி 4: கருவிகளுக்கான தட்டு

இப்போது பிளைவுட்டை எடுக்கலாம். 18 மில்லிமீட்டர் தடிமன் போதும்.

டிரில்லும், ஸ்குரூவைத் தட்டித் தட்டி முறுக்கும் இம்பாக்ட் டிரைவரும் நிற்பதற்கு எளிய வழி, முன் விளிம்பிலிருந்து உள்நோக்கி வெட்டிய பள்ளம். டிரில்லின் மூக்குச் சுவரைப் பார்த்திருக்கும். கைப்பிடி பள்ளத்துக்குள் நுழையும். மோட்டார் இருக்கும் உடல் பகுதி பலகையின் மீது அமரும். பேட்டரி மாட்டும் பகுதி கீழே தொங்கும். பள்ளத்தின் அகலம் கைப்பிடியைவிடக் கூடுதலாகவும் உடலைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். பல டிரில்களுக்கு 45 முதல் 50 மில்லிமீட்டர் சரியாக வரும். ஆனாலும் உங்கள் கருவியை அளந்து, முதலில் கெட்டி அட்டையில் வெட்டிச் சோதியுங்கள். கைப்பிடியில் ரப்பர் உறை எங்கே தடிக்கிறது, முன்னும் பின்னும் சுழலவைக்கும் பொத்தான் எந்தப் பக்கம் துருத்திக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் அட்டையில்தான் தெரியவரும். அந்தப் பொத்தான் பள்ளத்தின் விளிம்பில் இடித்தால், ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் திசை மாறிவிடும்.

தட்டைப் பின்பக்கம் சற்றே சாய்த்துப் பொருத்துங்கள். கருவி தானாக முன்னால் வழுக்கி வராது. வெட்டிய விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கிவிடுங்கள்.

வட்ட ரம்பம், ஜிக்சா, கிரைண்டர் போன்றவற்றுக்குப் பள்ளம் சரிப்படாது. ஆழமான தட்டோ அறையோ வேண்டும். கனமானவை இடுப்பு உயரத்துக்குக் கீழே, அன்றாடம் எடுப்பவை இடுப்புக்கும் தோளுக்கும் இடையே. ஒவ்வொரு கருவிக்கும் உரிய பிட், பிளேடு, சாவி அதன் அடியிலேயே ஒரு சிறிய பெட்டியில் இருக்கட்டும். கிரைண்டர் டிஸ்க்குகளை ஈரம் படாமல் தட்டையாக அடுக்குங்கள். பிசின் பிணைப்புள்ள டிஸ்க்கின் நடுவிலுள்ள உலோக வளையத்தில் காலாவதித் தேதி பொறித்திருக்கும். அதைப் பார்த்துப் பழையதை முன்னால் வைத்து முதலில் பயன்படுத்துங்கள். தேதி தாண்டியதை மாட்டவே வேண்டாம்.

தட்டில் நிற்கும் கருவியில் பேட்டரி இருக்கலாமா? கூடாது என்பதே என் உறுதியான கருத்து. கழற்றி வைத்தால் கருவி தற்செயலாக இயங்குவது நிற்கும்; அதோடு, பேட்டரி கருவியோடு ஒட்டிக்கொண்டு சுற்றுவழியிலிருந்து காணாமல் போவதும் நிற்கும்.

படி 5: வேனுக்குள்

பட்டறைச் சுவர் அசையாது. வேன் ஓயாமல் அதிரும், குலுங்கும், திடீரென்று நிற்கும். சுவரில் அழகாக நின்ற தட்டு வேனில் முதல் வேகத்தடையிலேயே காலியாகிவிடும். ஆகவே இங்கே இரண்டு கேள்விகள் மட்டும் கேளுங்கள்: பிரேக் போட்டால் இது முன்னால் பறக்குமா? பள்ளத்தில் இறங்கினால் மேலே எழும்புமா?

கட்டப்படாத கருவிப்பெட்டி, மோதலின்போது தன் எடையைப் போலப் பல மடங்கு விசையோடு ஓட்டுநரின் முதுகை நோக்கி வரும். இருக்கைக்குப் பின்னால் உறுதியான தடுப்புச் சுவர் இருப்பது அவசியம். கனமான பொருள்கள் தரையோடு, இயன்றவரை அந்தத் தடுப்பை ஒட்டி, இடமும் வலமும் எடை சமமாக இருக்கட்டும். மேலே போகப்போக இலேசானவை. அலமாரியை வேனின் மெல்லிய தகட்டில் ஸ்குரூ அடித்து நிறுத்தாதீர்கள். உடலின் வலுவான சட்டங்களிலோ, தரையிலுள்ள கட்டும் வளையங்களிலோ போல்ட் போட்டு இறுக்குங்கள். அதிர்வில் சாதாரண நட்டு தளர்ந்துவிடும் என்பதால், உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டுகளைப் பயன்படுத்துங்கள். துளை போடும் முன் மறுபக்கம் எரிபொருள் குழாயோ மின்கம்பியோ ஓடுகிறதா என்று குனிந்து பாருங்கள்.

ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் 4 அல்லது 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு தடுப்பு விளிம்பு வேண்டும். அடியில் ரப்பர் விரிப்பு போட்டால் வழுக்குவதும் ஓசையும் குறையும். டிரில் பள்ளத்துக்குக் குறுக்காக, கொக்கியில் மாட்டும் எலாஸ்டிக் பட்டை ஒன்று போட்டுவிடுங்கள். அதோடு கருவியின் திசைப் பொத்தானை நடுவில் நிறுத்துங்கள். அந்த நிலையில் டிரிகர் பூட்டிக்கொள்ளும். தவறுதலாக அழுந்தினாலும் சுற்றாது.

பட்டறைக்கும் வேனுக்கும் ஒரே தட்டைப் பயன்படுத்த விரும்பினால், 45 டிகிரி சாய்வாக அறுத்த இரண்டு ரீப்பர்கள் உதவும். ஒன்றைச் சுவரில் சாய்வு மேல்நோக்கியும் சுவரை நோக்கியும் இருக்குமாறு அடியுங்கள். மற்றதைத் தட்டின் பின்புறம் அதற்கு நேர்மாறாக அடியுங்கள். தட்டைத் தூக்கி வைத்தால் கொக்கிபோல் உட்காரும். வேனில் மட்டும் கீழே ஒரு போல்ட் போட்டுப் பூட்டுவது கட்டாயம். இல்லையென்றால் குலுக்கலில் எழும்பிக் கழன்றுவிடும்.

பேட்டரிகளை வேனில் நிரந்தரமாகக் குடிவைக்காதீர்கள். வெயிலில் மூடி நிற்கும் வண்டிக்குள் வெப்பநிலை 50 டிகிரி செல்சியஸை எளிதில் தொடும்; அதற்கு மேல் பேட்டரியை வைக்க வேண்டாம் என்று பல கையேடுகள் எச்சரிக்கின்றன. கைப்பிடியுள்ள ஒரே பெட்டியில் நிறைந்தவற்றுக்கு ஒரு பாதி, காலியானவற்றுக்கு ஒரு பாதி என்று தடுத்துக்கொண்டால், காலையில் அதைப் பச்சைத் தட்டிலிருந்து நிரப்பி, மாலையில் சிவப்புத் தட்டில் காலிசெய்யலாம். சுற்றுவழி வேன்வரை நீண்டு, திரும்பவும் பட்டறைக்கே வந்து சேர்கிறது.

படி 6: ஓடும் வண்டியில் சார்ஜ் போடலாமா?

போடலாம், கணக்குப் பார்த்து. 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பேட்டரியில் 90 வாட்-மணி ஆற்றல் இருக்கிறது. ஒரு வேகச் சார்ஜர் 120 வாட் இழுத்தால், 12 வோல்ட் வண்டியில் அது 10 ஆம்பியர். இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் இன்னும் கூடும். இரண்டு சார்ஜர் என்றால் 20-ஐத் தாண்டும். டாஷ்போர்டில் உள்ள சிகரெட் லைட்டர் சாக்கெட் பல வண்டிகளில் இதைத் தாங்காது, ஃபியூஸ் போய்விடும். அதற்குத் தனித் தடித்த கேபிள், வண்டி பேட்டரிக்கு மிக அருகிலேயே ஒரு ஃபியூஸ், தூய சைன் அலை (வீட்டு மின்சாரம் போன்ற சீரான அலை) தரும் இன்வெர்ட்டர் ஆகியவை தேவை. இந்த இணைப்பை வண்டி மின்வேலை தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். எஞ்சின் ஓடும்போது மட்டும் சார்ஜ் போடுங்கள்.

படி 7: வாரம் ஒருமுறை

பேட்டரிகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பாருங்கள். தொடுமுனையில் தூசி இருந்தால் உலர்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள். வேனில் நட்டுகளைத் தொட்டு இறுக்கம் பாருங்கள்.

உறை விரிசல் விட்டது, உப்பியது, தண்ணீரில் மூழ்கியது, சும்மா இருக்கும்போதே சூடாவது, விநோத வாடை வீசுவது: இவற்றில் எதைக் கண்டாலும் அந்த பேட்டரியைச் சார்ஜரில் செருகாதீர்கள், வேனிலும் ஏற்றாதீர்கள். கட்டடத்துக்கு வெளியே, எரியும் பொருள் அருகில் இல்லாத இடத்தில் தனியாக வையுங்கள். பிறகு தொடுமுனைகளின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி, பழைய பேட்டரிகளை வாங்கிக்கொள்ளும் மறுசுழற்சி மையத்திடம் அதன் நிலையைச் சொல்லி ஒப்படையுங்கள். குப்பைத் தொட்டியில் போட்டால், குப்பை வண்டியின் அழுத்தும் எந்திரத்தில் நசுங்கித் தீப்பிடிக்கலாம். எண்ணை உங்கள் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். புதிதாக வாங்குவதற்கு அடுத்த எண்ணைக் கொடுங்கள், பழைய எண்ணை மறுபடி பயன்படுத்த வேண்டாம்.